பழைய தேவாலயத்தை வாங்கி உணவகம் திறக்க: இங்கிலாந்தில் இந்த வேலையில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இங்கிலாந்தில் சொத்து ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் பழைய தேவாலயங்கள் அடிக்கடி கண்ணில் படும். உயரமான கூரை, வளைவு ஜன்னல், ஊர் நடுவே இடம். விலையோ பக்கத்துத் தெருவில் ஒரு சாதாரண வீட்டின் விலைதான். நானும் மனைவியும் அப்படித்தான் வட இங்கிலாந்தில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தை வாங்கினோம். முன்னால் தோசைக்கடை, பக்கத்து அறையில் ஒரு சிறு கூடம் என்பது திட்டம். ஆறு மாதத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்தோம். இரண்டு வருடம் ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் கட்டட வேலைக்குப் போன காலம் இல்லை. தவறான மாதத்தில் தொடங்கியதாலும், காகிதங்களைத் தவறான வரிசையில் கொடுத்ததாலும் போன காலம். அதனால் இங்கே எதற்குப் பிறகு எது என்பதைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

இந்த மாதிரி மாற்றம் நடக்கக்கூடியதுதான். லண்டன் மேஃபேரில் உள்ள செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் 2019 முதல் உணவுக்கூடமாக இருக்கிறது. மான்செஸ்டரில் செயின்ட் பெனடிக்ட்ஸ் தேவாலயத்துக்குள் ஆட்கள் சுவரேறப் பழகுகிறார்கள். நாட்டிங்ஹாமில் பழைய யூனிட்டேரியன் தேவாலயம் ஒன்று மதுக்கூடமாகியிருக்கிறது. வாங்கும் முன் இவற்றில் ஒன்றுக்காவது போய் உட்கார்ந்து, எதைத் தொட்டிருக்கிறார்கள், எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பின்னால் கவுன்சிலுடன், அதாவது அனுமதி தரும் உள்ளூராட்சியுடன், பேசும்போது அது கைகொடுக்கும்.

கீழே வருவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டமும் வரியும் வேறு.

1. விற்பவர் யார் என்று பாருங்கள்

எல்லாத் தேவாலயமும் ஒரே மாதிரி விற்கப்படுவதில்லை. சர்ச் ஆஃப் இங்கிலாந்துக் கட்டடம் என்றால் 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அதை முறையாக மூட வேண்டும். பிறகு புதிய பயன்பாட்டுக்கென்று அந்தச் சபையின் சொத்துகளைக் கவனிக்கும் சர்ச் கமிஷனர்கள் தனியாக ஒரு திட்டம் வெளியிட வேண்டும். அதன்மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 28 நாள் உண்டு. எதற்குப் பயன்படுத்தலாம் என்பது பத்திரத்திலேயே எழுதப்படும். இது மெதுவான பாதை, ஒரு வருடத்துக்கு மேலும் போகும். ஆனால் ஒரு நன்மை இருக்கிறது: வழக்கமாகக் கவுன்சில் அனுமதி கிடைத்த பிறகுதான் முழுப்பணமும் கைமாறும்.

மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், யுனைட்டெட் ரிஃபார்ம்ட் தேவாலயங்கள் பெரும்பாலும் எஸ்டேட் ஏஜென்ட் மூலமோ ஏலத்திலோ வரும். ஏலம் வேகமானது, ஆபத்தும் அதில்தான். சுத்தியல் விழுந்த நிமிடமே ஒப்பந்தம் முடிந்தது. 10% முன்பணத்தை அங்கேயே கட்ட வேண்டும், மீதி வழக்கமாக 28 நாளில். அதற்குமேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் தனி. "அனுமதி கிடைத்தால் வாங்குகிறேன்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பழைய சபை மக்களிடம் உருக்கமாகப் பேசி விலையைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த நம்பிக்கை வேண்டாம். விற்பவர்கள் அறக்கட்டளை. சர்வேயரின் அறிக்கை வாங்கி, நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே விற்க வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

2. பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்

ஏலத்துக்கு முன்பே பத்திரமும் சட்ட ஆவணங்களும் அடங்கிய லீகல் பேக் இணையத்தில் கிடைக்கும். அதை உங்கள் சொலிசிட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சில நூறு பவுண்டைச் செலவாகவே நினைக்காதீர்கள். அவரிடம் இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதலாவது, பயன்பாட்டு நிபந்தனை. மெத்தடிஸ்ட் பத்திரங்களில் மது விற்கக்கூடாது, சூதாட்டம் கூடாது என்ற நிபந்தனை இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பத்திரத்திலும் இருந்தது. எங்களுக்குத் தோசையும் காபியும் போதும் என்பதால் பிழைத்தோம். பீரும் ஒயினும் சேர்த்துத்தான் உங்கள் கணக்கு நிற்கிறது என்றால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். அப்பர் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போய் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கு மாதங்களும் பணமும் போகும், தீர்ப்பு எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஓவரேஜ். பின்னால் நீங்கள் புதிய அனுமதி பெற்று மதிப்பு கூடினால், அந்த உயர்வில் ஒரு பங்கை விற்றவருக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனை அது. எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதவீதம், எது நடந்தால் அது பிடிக்கும் என்று பாருங்கள். வீடாக மாற்றினால் மட்டுமா, உணவகத்துக்குமா என்பது ஒரே ஒரு சொல்லில் இருக்கும்.

மூன்றாவது, கல்லறைகள். தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறை இருந்தால் அந்த நிலத்தில் புதிதாகக் கட்டுவதை 1884ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. விலக்குப் பெற வழி உண்டு, ஆனால் அறிவிப்பு, உறவினர் ஆட்சேபம் என்று நீளும். உள்ளே தரையைத் தோண்டும்போது மனித எச்சம் வந்தாலும் வேலையை நிறுத்தி முறையான அனுமதி வாங்க வேண்டும். கல்லறைக்கு வருகிறவர்களுக்கு உங்கள் வாசல் வழியாக நடக்க உரிமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளியே மேசை போடும் திட்டம் அதில் அடிபடலாம்.

நான்காவது, வழியும் குழாயும். எங்கள் தேவாலயத்தின் கழிவுநீர்க் குழாய் பக்கத்திலிருந்த போதகர் வீட்டு நிலத்துக்கு அடியில் போகிறது. அந்த வீட்டைச் சபை முன்பே தனியாக விற்றுவிட்டது. புதிய உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க நான்கு மாதம் ஆனது.

3. வௌவாலுக்குத் தனிக் காலண்டர் உண்டு

எங்கள் முதல் பெரிய இழப்பு இங்கேதான். நாங்கள் வாங்கியது அக்டோபரில்.

இங்கிலாந்தில் வௌவால்களும் அவை தங்கும் இடங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அவை அப்போது அங்கே இல்லாவிட்டாலும் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். பழைய கூரையில் கை வைப்பதாக இருந்தால் கவுன்சில் வௌவால் ஆய்வு கேட்கும். முதற்கட்ட ஆய்வை வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், சில நூறு பவுண்டுதான். அதில் சந்தேகம் வந்தால் அந்தியில் அவை வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வு வேண்டும். அதை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும், ஒரு முறைக்கு மேல் வரச் சொல்வார்கள். செலவு ஆயிரங்களுக்குப் போகும். அனுமதியை முதலில் கொடுங்கள், ஆய்வைப் பிறகு தருகிறோம் என்றால் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மேல்மாடத்தின் பெஞ்சுகளில் அரிசி அளவில் கறுப்பாகச் சிதறிக் கிடந்ததை எலிப் புழுக்கை என்று துடைத்துக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கு வந்த பெண் கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து விரலிடையே தேய்த்தார். பொடிப்பொடியாக உதிர்ந்தது, அதில் பூச்சி இறகின் மினுமினுப்பு. எலியுடையது காய்ந்தால் கல்லாக இருக்கும், வௌவாலுடையது இப்படி உதிரும் என்றார். அடுத்த மே மாதம் வரை காத்திருந்தோம். ஏழு மாதம் கடன் வட்டியும் காப்பீடும் கட்டினோம்.

ஆகவே முடிந்தால் குளிர்காலக் கடைசியில் வாங்குங்கள். இல்லையென்றால் வாங்கும் முன்பே விற்பவரின் சம்மதத்துடன் முதற்கட்ட ஆய்வை முடித்துவிடுங்கள். இருப்பது உறுதியானாலும் திட்டம் செத்துவிடாது. இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் உரிமம் பெற்று, கூரையில் அவற்றுக்கு இடம் விட்டு வேலை செய்யலாம். எங்கள் கூரை ஓட்டுக்கடியில் இப்போதும் இருக்கின்றன.

4. லிஸ்டட் கட்டடமா என்று பாருங்கள்

லிஸ்டட் என்றால் வரலாற்று மதிப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என்று மூன்று நிலை. பெரும்பாலானவை கிரேடு 2. "கிரேடு 2தானே, உள்ளே என்ன செய்தாலும் கேட்க மாட்டார்கள்" என்பது நான் அதிகமாகக் கேட்ட தவறான பேச்சு. எந்த நிலையானாலும் உள்ளும் புறமும் சேர்த்தே பாதுகாப்பு. பொருத்தப்பட்ட பெஞ்சு, பிரசங்க மேடை, ஆர்கன், வண்ணக் கண்ணாடி, போரில் இறந்தவர் பெயர்ப்பலகை எல்லாம் அதில் அடக்கம்.

வழிபாடு நடந்தவரை பெரிய சபைகளுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. சபையே தன் கட்டடத்தில் மாற்றத்துக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளும். வழிபாடு நின்றதும் அந்த விலக்கும் போய்விடும். "சபைக்காரர்களே போன வருடம் பத்து பெஞ்சை எடுத்தார்களே" என்று நீங்கள் தொடர முடியாது. அனுமதியில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. இன்னொன்றும் உண்டு: முன்னால் இருந்தவர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும், அதற்குக் காலாவதியும் கிடையாது. ஆகவே கடந்த கால மாற்றங்களுக்கான சபை அனுமதிக் கடிதங்களை வாங்கும் முன்பே கேட்டு வாங்கிவையுங்கள்.

லிஸ்டட் அனுமதிக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. செலவு அதற்கான ஆவணங்களில் இருக்கிறது: அளவெடுத்த வரைபடம், ஹெரிட்டேஜ் அறிக்கை, எதை ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கம். பழைய கட்டடங்களில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர்களுக்கு அவர்களின் சங்கமான ரீபாவில் (RIBA) தனிப் பட்டியல் உண்டு, அதிலிருந்து ஒருவரைப் பிடியுங்கள். எங்கள் முதல் வரைபடக்காரர் கடைகளுக்கு நன்றாகச் செய்பவர்தான். ஆனால் கல்சுவருக்குச் சிமென்ட் பூச்சு என்று எழுதிக் கொடுத்தார். பழைய சுவர் மூச்சுவிட வேண்டும், சுண்ணாம்புக் கலவைதான் வேண்டும். கவுன்சில் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எங்கள் விண்ணப்பம் முழுவதையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கியது.

5. விண்ணப்பிக்கும் முன் கன்சர்வேஷன் ஆபீசரைப் பாருங்கள்

முன் ஆலோசனைக்குக் கவுன்சில் கட்டணம் வாங்கும், ஊருக்கு ஊர் மாறும். கட்டுங்கள். நாங்கள் அதைத் தவிர்த்து நேரடியாக விண்ணப்பித்தோம். ஏழு வாரம் கழித்து, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுப்பு வரும் என்று மின்னஞ்சல் வந்தது.

இரண்டாம் முறை கன்சர்வேஷன் ஆபீசரை, அதாவது பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கவுன்சில் அதிகாரியை, கட்டடத்துக்கே அழைத்தோம். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். மேல்மாடத்துப் பெஞ்சுகளின் ஓரத்தில் சின்ன வெள்ளை எனாமல் வில்லைகளில் எண்கள் இருக்கும். அந்தக் காலத்தில் குடும்பங்கள் இடத்துக்கு வாடகை கட்டி உட்கார்ந்த எண்கள். "கீழே உள்ளதைப் பேசலாம், மேலே உள்ளதை அப்படியே விடுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் திட்டம் மாறியது. மேசைகள் கீழே, மாடம் தொடாமல். கீழிருந்து எடுத்த பெஞ்சுகளையும் கட்டடத்துக்குள்ளேயே சுவரோர இருக்கையாக்கினோம். நீங்கள் போடும் எதையும் பின்னாளில் கழற்றினால் பழைய கட்டடம் காயமில்லாமல் திரும்ப வருமா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக உங்கள் வரைபடம் இருக்கட்டும்.

6. பயன்பாட்டு மாற்றம்

கட்டடங்களை அவற்றின் பயன்பாட்டை வைத்துச் சட்டம் வகுப்புகளாகப் பிரிக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல் வழிபாட்டு இடங்கள் எஃப்1 வகுப்பு. கடை, காபி ஷாப், உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், அலுவலகம் எல்லாம் இ வகுப்பு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற முழுப் பிளானிங் அனுமதி வேண்டும். மதுக்கூடமும், முக்கியமாகப் பார்சல் கொடுக்கும் சூடான உணவுக் கடையும் இ வகுப்பில் வராது. பார்சல்தான் உங்கள் வியாபாரம் என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2025 ஏப்ரல் கணக்குப்படி கட்டணம் 588 பவுண்டாக இருந்தது, இணையவழிச் சேவைக் கட்டணம் தனி. தொகை மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் லிஸ்டட் அனுமதியையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுங்கள். இரண்டுக்கும் சட்டப்படி 8 வாரம், அதுவும் காகிதம் முழுமையாக இருக்கிறது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. எங்களுக்கு 21 வாரம் ஆனது.

7. அடுப்பு எங்கே, புகை எங்கே

தென்னிந்தியச் சமையல் என்றால் இதற்குத் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழும் வாசனை நமக்குச் சுகம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பற்றிப் புகார் எழுதினால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு வாசனைக்கும் சத்தத்துக்கும் தனித்தனி அறிக்கை கேட்கும். வெளியேற்றும் குழாயை மேலே கொண்டுபோக வேண்டும். லிஸ்டட் கூரையின் தெருப்பக்கத்தில் துளை போட அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் முதலில் பிரசங்க மேடைக்குப் பின்னால் சமையலறையை வரைந்தோம். மறுக்கப்பட்டது. பிறகு பின்கட்டில் பிற்காலத்தில் சேர்த்த ஞாயிறுப் பள்ளி அறைக்கு மாற்றினோம். அதன் கூரை தெருவிலிருந்து தெரியாது, அந்த அறைக்கு முக்கியத்துவமும் குறைவு. உடனே ஒப்புக்கொண்டார்கள். வாங்கப் போகும்போதே இப்படி ஒரு பின்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உணவகத்துக்கு அந்தக் கட்டடம் சரிவராது, புத்தகக் கடைக்கோ அலுவலகத்துக்கோ சரிவரலாம்.

மின்சாரத்தையும் இப்போதே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்குக்கும் தேநீர்க் கெட்டிலுக்கும் போட்ட இணைப்பில் கிரைண்டரும் தோசைக்கல்லும் குளிர்பதன அறையும் ஓடாது. த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

8. பணம்

முத்திரை வரி குடியிருப்பல்லாத சொத்துக் கணக்கில் வரும்: 1,50,000 பவுண்ட் வரை இல்லை, அடுத்த 1,00,000க்கு 2%, அதற்குமேல் 5%. 2,20,000க்கு வாங்கினால் 1,400 பவுண்ட். வாங்கி முடித்த 14 நாளில் கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும்.

கட்டட வேலைக்கு வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி 20%. வீடாக மாற்றுகிறவர்களுக்குக் கிடைக்கும் 5% சலுகை உணவகத்துக்கு இல்லை. 2,00,000 வேலைக்கு 40,000 பவுண்ட் வாட். ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது. உணவக விற்பனை வாட்டுக்கு உட்பட்டது என்பதால், வேலை தொடங்குமுன்பே நீங்களாகப் பதிவு செய்துகொண்டால் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம். பதிவு கட்டாயமாகும் 90,000 பவுண்ட் ஆண்டு விற்பனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூடத்தை வெறும் இடமாக வாடகைக்கு விடுவது பொதுவாக வாட் விலக்குப் பெற்றது. அந்தப் பங்குக்குத் திரும்பக் கிடைக்காமல் போகலாம். இதைக் கணக்காளரிடம் முதல் நாளே பேசுங்கள். எப்படியும் திரும்ப வரும்வரை கையில் பணம் வேண்டும்.

காலியான தேவாலயத்துக்குக் காப்பீடு எளிதில் கிடைக்காது. கூரையின் ஈயத் தகட்டைத் திருடுவது எங்கும் இருக்கிறது. வாராவாரம் போய்ப் பார்த்து எழுதிவைத்த பதிவேடு கேட்பார்கள், அதை விடாமல் எழுதுங்கள். கொதிகலன் அறைக் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கலாம். உடைக்கும் முன் அதற்கான ஆய்வு கட்டாயம். மொத்த மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவையுங்கள். நாங்கள் பத்தில் ஒரு பங்கு வைத்தோம், கூரை வேலையிலேயே அது தீர்ந்தது.

9. அக்கம்பக்கத்தாரிடம் நோட்டீசுக்கு முன்னால் பேசுங்கள்

உங்கள் விண்ணப்பத்தை ஊருக்கு அறிவிக்கும் மஞ்சள் நோட்டீஸ் கம்பத்தில் ஏறிய பிறகு பேசினால் தாமதம். நாங்கள் கட்டடத்தை ஒரு சனிக்கிழமை திறந்துவைத்து, தேநீரும் மெதுவடையும் கொடுத்து, வரைபடத்தைச் சுவரில் ஒட்டினோம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். வாசலோரச் சுவரில் வரிசையாக அடிக்கல்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் கொடை கொடுத்தவர் பெயர். தாத்தாவின் பெயர் இருந்த கல்லைத் தேடிப் பிடித்து, கையுறையைக் கழற்றிவிட்டு எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "இதை மூடிவிட மாட்டீர்களே?" என்றுதான் கேட்டார். மூட மாட்டோம் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். அவர் எழுதிய ஆதரவுக் கடிதம் கோப்பில் இருக்கிறது. வந்த ஆட்சேபங்கள் ஐந்து, எல்லாம் வண்டி நிறுத்தம் பற்றி.

10. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

பிளானிங் கிடைத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்டட விதிகளுக்கான ஒப்புதல் தனி. வெளியேற ஒரே வழிதான் என்றால் 60 பேருக்கு மேல் உட்கார வைக்க முடியாது. அதற்கு மேல் என்றால் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பழைய தேவாலயக் கதவுகளோ உள்பக்கம் திறப்பவை, லிஸ்டட் என்பதால் திருப்பிப் போடவும் முடியாது. கடை நடக்கும் நேரம் முழுவதும் பெரிய கதவைத் திறந்தபடி பூட்டிவைத்து, உள்ளே புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டுச் சமாளித்தோம். வாசற்படிக்குச் சரிவுப்பாதை, சக்கர நாற்காலி போகும் கழிப்பறை இரண்டையும் முதல் வரைபடத்திலேயே போடுங்கள்.

11. திறப்பதற்கு முன்

உணவு வியாபாரப் பதிவைத் திறப்பதற்கு 28 நாள் முன்னால் கவுன்சிலில் செய்யுங்கள், இலவசம். மது விற்பதாக இருந்தாலோ, இரவு 11 மணிக்கு மேல் சூடான உணவு கொடுப்பதாக இருந்தாலோ தனி உரிமம் வேண்டும். அதற்கும் 28 நாள் அறிவிப்பு உண்டு. தொழில் வரிக்காகப் போடும் சொத்து மதிப்பைப் பொறுத்துக் கட்டணம் 100 பவுண்டிலிருந்து தொடங்கும்.

வழிபாட்டு இடத்துக்குத் தொழில் வரி (பிசினஸ் ரேட்ஸ்) இல்லை. லிஸ்டட் கட்டடம் காலியாக இருக்கும்வரையும் இல்லை. நீங்கள் கடை திறந்ததும் அது புதிதாக மதிப்பிடப்படும். வரிக்கான அந்த மதிப்பு (வாங்கிய விலை அல்ல) 12,000 பவுண்டுக்குள் வந்து, உங்களிடம் வேறு கடை இல்லையென்றால் சிறுதொழில் சலுகையில் முழு விலக்குக் கிடைக்கும், ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு வருகிறவரிடம் மாடத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதைக் காட்டுங்கள். எங்கள் முதல் மதிப்பீட்டில் அதையும் சாப்பாட்டு இடமாகச் சேர்த்துவிட்டார்கள். திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.